தடித்த வண்ணம் யாருக்கு?

காட்டை வரைவதில் தடித்த தூரிகை வீச்சுக்குத் தனி மரியாதை உண்டு. வண்ணத்தைக் கத்தியால் அப்பி, மரப்பட்டையை விரலால் தடவிப் பார்க்கும்படி எழுப்பிவிட்டால் ‘வீரியம்’ என்பார்கள். அந்தச் சொல்லே எனக்கு உறுத்தல். எண்ணெய் வண்ணக் குழாயின் விலை தெரிந்தவளுக்கு, அந்த வீரியத்தில் பாதி கையிருப்புதான் என்று தெரியும்.

எமிலி கார் (1871–1945) கனடாவின் மேற்குக் கரைக் காடுகளை வரைந்தவர். பாரிஸில் படித்துத் திரும்பி, 1913இல் வான்கூவரில் கண்காட்சி வைத்தார். படங்கள் சோறு போடவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டு, நாய் வளர்த்து விற்று, மண்பாண்டம் வனைந்து ஏறக்குறைய 15 ஆண்டுகள் போயின, வரைந்தது சொற்பம். 1927இல் ஒட்டாவா தேசியக் கலைக்கூடத்தின் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார்.

அதற்குப் பின் வரைந்த காடுகளில் முதலில் பச்சை கல்போல இறுகி நிற்கிறது. 1930களில் எண்ணெய் வண்ணத்தில் பெட்ரோல் கலந்து நீர்க்கச் செய்து, மலிவான மணிலா தாளில் வரையத் தொடங்கினார். செலவு குறைவு, சீக்கிரம் காயும், காட்டிலேயே உட்கார்ந்து வரையலாம். தூரிகை ஓடிய தடம் அப்படியே தெரிகிறது. மரங்களுக்கிடையே காற்று சுழல்கிறது. காட்டின் மூட்டத்துக்குக் கனத்த பூச்சு தேவைப்படவில்லை. இந்தத் தாள் படங்களே எனக்கு உசத்தி.

தடிமன் கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் மேல்மலையனூரில் அங்காளம்மன் புற்று இருக்கிறது. புற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் சாத்திச் சாத்தி ஏறும் அடுக்கும் தடிமன்தான். அதில் யாருடைய கையெழுத்தும் இல்லை, அதனால் விமர்சகர் கண்ணில் படுவதில்லை.

காரிடம் எனக்கொரு குறையும் உண்டு. முன்பு பூர்வகுடிகளின் ஊர்களையும் குலமரத் தூண்களையும் தேடித் தேடி வரைந்தவர், பிற்காலக் காட்டில் அந்த மனிதர்களைக் காணவில்லை. காடு ஆளற்றதாகி, அழகாகிவிடுகிறது. செஞ்சிப் பக்கம் சுள்ளி பொறுக்கப் போன பெண்ணிடம் காட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முள்ளைச் சொல்வாள், தண்ணீர் கிடைக்கும் இடத்தைச் சொல்வாள், வனக்காவலரைச் சொல்வாள். அந்தக் காட்டை இன்னும் யாரும் வரையவில்லை என்றே நினைக்கிறேன்.

1933இல் கார் ஒரு பழைய வண்டிவீடு வாங்கினார். அதற்கு ‘யானை’ என்று பெயர். நாய்களோடும் ஒரு குரங்கோடும் அதில் காட்டோரம் தங்கி வரைந்தார். இங்கே ஓவியம் படிக்கும் பெண்களை மாலை ஆறு மணிக்குள் விடுதிக்குள் அழைத்துக்கொள்கிறோம். காட்டில் வெளிச்சம் மாறுவது அந்த நேரத்தில்தான்.