ஒரே ஓட்டுக் குவியல்

கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவுக்கு எதிரே கடலில் கிடக்கிறது சான் மிகேல் தீவு. ஓயாத காற்றில் மணல் விலகிய இடங்களில் கருப்பு அபலோன் என்ற கடல் நத்தையின் ஓடுகள் குவியல் குவியலாகத் தெரியும். மேற்புறம் கரிய நீலம், ஓரத்தில் மூச்சுவிட வரிசையாகத் துளைகள். திருப்பிப் பார்த்தால் வெள்ளி நிறத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடும்.

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கே முகாமிட்ட சீன மீனவர்கள் விட்டுப்போனவை இவை. மினுமினுப்பு அழகுதான், ஆனாலும் என்னைக் கட்டிப்போடுவது குவியலின் பிடிவாதம். சூமாஷ் பழங்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளாக உண்டு எறிந்த மேடுகளும் இதே தீவில் உண்டு. அவற்றில் கரிய மண்ணோடு மட்டி, மீன்முள், கடல்சிங்க எலும்பு எல்லாம் அடுக்கடுக்காகக் கலந்திருக்கும். சீனர் குவியலிலோ ஏறக்குறைய அபலோன் மட்டும்தான். அதுவும் பெரிது பெரிதாக.

அந்தப் பருமனுக்குள் ஒரு வரலாறே இருக்கிறது. அபலோனைத் தின்னும் கடல் நீர்நாய்களை ரோமத்துக்காக வேட்டையாடித் தீர்த்திருந்தார்கள். சூமாஷ் மக்களையும் 1820களுக்குள் கரையிலிருந்த கிறிஸ்தவ மிஷன்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தின்ன ஆளில்லாத பாறைகளில் அபலோன் கொழுத்தது. வெள்ளையர் சீந்தாத அந்தக் கறியின் விலை சீனர்களுக்குத் தெரியும். கடல் வற்றும் நேரம் பார்த்து நெம்பி எடுத்தார்கள்; வேகவைத்து உலர்த்திச் சீனாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஓட்டையும் வீணாக்கவில்லை, பொத்தானுக்கும் மரவேலைப் பதிப்புக்கும் விற்றார்கள்.

இத்தகைய முகாம்களில் பழுப்பு மெருகிட்ட ஜாடிச் சில்லுகளும் கிடைக்கும். சோயா சாற்று ஜாடி என்றால் தோளில் குட்டி மூக்கு இருக்கும். அந்த மூக்கு மட்டும் கிடைத்தால் போதும், சாற்றை அளவாகச் சரித்து ஊற்றிய கை கண்ணுக்குத் தெரிகிறது. விளிம்பில் மெருகு மெலிந்து களிமண் எட்டிப்பார்க்கும். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் முழு ஜாடியைவிட எனக்கு இந்தச் சில்லுதான் உசத்தி.

தொல்லியலாளர் டாட் பிராஜேயும் சகாக்களும் இந்த ஓடுகளை ஒவ்வொன்றாக அளந்திருக்கிறார்கள். 2009-ல் கருப்பு அபலோனை அமெரிக்கா அழியும் நிலையிலுள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்தது. நீர்நாய்க்கும் மனிதருக்கும் தப்பிய காலத்தில் அது எவ்வளவு வளர்ந்தது என்று இன்றைய உயிரியலாளர் பார்க்க வேண்டுமானால், இந்த மீனவர்களின் குப்பையைத்தான் புரட்ட வேண்டும்.