கிளட்ச் மிதிக்காத கியர்: காதால் ரசிப்பது எப்படி?

காட்டுப்பள்ளித் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஊர்ந்து போகும்போது பக்கத்துக் கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். நல்ல டிரைவர் ஒருவர் கிளட்ச்சைத் தொடாமல் கியர் மாற்றிப் போவது அவர்கள் காதில் வெறும் இரைச்சல். அதுவும் இந்த வட்டாரத்தில்! 1948-ல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்டாகி லாரி செய்தது எண்ணூரில். 1955-ல் உருவான என்ஃபீல்டு இந்தியா புல்லட் செய்தது திருவொற்றியூரில். கியர் சத்தம் கேட்டே வளர்ந்த ஊர் இது.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரித்துச் சேர்ப்பது கிளட்ச். அதை மிதிக்காமல் மாற்ற, இரு பக்கச் சுழற்சியும் ஒத்துவர வேண்டும். நான்காவது கியரின் விகிதம் 1.5, ஐந்தாவது 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கில் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடும் இன்ஜின், ஐந்தில் விழ 1,200-க்கு இறங்க வேண்டும். திரும்பி வர, ஒரு ரேஸ் கொடுத்து 1,800-க்கு ஏற்ற வேண்டும். 1928-ல் காடிலாக் கொண்டுவந்த சிங்க்ரோமெஷ், பற்களின் வேகத்தைத் தானே ஒத்துவரச் செய்கிறது. அது இல்லாத பழைய லாரிகளில் டிரைவரின் காதுதான் சிங்க்ரோ. அவ்வளவுதான் பாடம்.

இனி, பலரும் கவனிக்காத விஷயத்துக்கு வருகிறேன். கியரை மாட்டுவது வேறு, கழற்றுவது வேறு. பார்ப்பவர்கள் எல்லாரும் மாட்டுவதற்கே கைதட்டுகிறார்கள். கரகரவென்று உராயாமல் விழுந்தால் ‘ஆகா’ என்கிறார்கள். வித்தை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, ஐயா!

ஆக்ஸிலேட்டர் மிதிபட்டிருக்கும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. கியர் பற்கள் ஒரு பக்கமாக இறுகியிருக்கும். காலை முழுக்க எடுத்தால் சக்கரம் இன்ஜினைத் தள்ளும். பற்கள் மறுபக்கம் இறுகும். இரண்டுக்கும் நடுவே, யாரும் யாரையும் தள்ளாத ஒரு கணம் உண்டு. அப்போது இரண்டு விரலால் இழுத்தாலே கியர் நியூட்ரலுக்கு வந்துவிடும். அந்தக் கணத்தைப் பாதம் கண்டுபிடிப்பதுதான் கழற்றல். அவசரக்காரர் முரட்டுத்தனமாகப் பிடுங்குவார். வண்டிக்கு அடியில் ‘டக்’ என்று ஓர் அடி கேட்கும். தேர்ந்தவர் கழற்றும்போது எதுவுமே கேட்காது. இன்ஜின் சத்தம் மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டே வரும், ஓரிடத்தில் புதிய கியர் பிடித்துக்கொள்ளும். மேம்பால ஏற்றத்தில் இது இன்னும் அருமை. லோடு வண்டி நியூட்ரலில் இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே வேகம் குறைகிறது, எட்ட வேண்டிய சுற்றும் கூடவே மாறுகிறது. அங்கே சுத்தமாகக் கழற்றி மாட்டுபவரைக் கேட்டுவிட்டால் மற்றதெல்லாம் சப்பென்று இருக்கும்.

பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை விநாடி என்று மட்டும் அளக்கும் கார் விமர்சகர்களுக்கு இதெல்லாம் எட்டாது. 2014-ல் செலேரியோ காரோடு, கிளட்ச்சையும் கியரையும் தானே இயக்கும் ஏ.எம்.டி. வந்தபோது வண்டி தலையாட்டுகிறது என்று அலுத்துக்கொண்டார்கள். மாற்றும் கணத்தில் இழுவை அறுந்து திரும்ப ஒட்டுவதால் வரும் ஆட்டம் அது. காலை லேசாகத் தளர்த்தினால் பெரிதும் அடங்கும். அதைச் சொல்லித்தர ஆளில்லை. ‘கிளட்ச் இல்லாமல் ஓட்டிக் காட்டுகிறேன்’ என்று சொந்தக் காரில் ஐந்து கியரையும் அறைந்து வீடியோ போடுபவர்கள் அதைவிட மோசம். அது வெறும் முரட்டுத்தனம்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், செய்து பார்க்கும் ஆசை வரும். கியர் உள்ள பைக்கில் தொடங்குங்கள்; அதற்குள் சிங்க்ரோ கிடையாது. காலியான சாலையில், இரண்டிலிருந்து மூன்றுக்கு மட்டும். லீவரை மூன்றாவது கியர் பக்கமாகக் காலால் லேசாக அழுத்தியபடி ஆக்ஸிலேட்டரைச் சற்றே தளர்த்துங்கள், தானே விழும். காரில் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம், சிங்க்ரோ வளையம் தேயும். கிளட்ச் கேபிள் அறுந்த நாளில் வீடு வந்து சேர இந்த வித்தை கைகொடுக்கும். நின்ற வண்டியை நகர்த்தவும் ரிவர்ஸ் போடவும் கிளட்ச் கட்டாயம் வேண்டும்.

ஆனால் ரசிக்க வண்டியே வேண்டாம். அடுத்தமுறை மீஞ்சூர் பக்கம் டிரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்டால் பாட்டை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள். கியர் விழுவதைக் கேட்காதீர்கள், கழல்வதைக் கேளுங்கள்.