கிட்டாருக்கு வால் மாற்றுவது

ஸ்டீலி டான் குழு 1976இல் வெளியிட்ட ‘கிட் சார்லமேன்’ பாட்டை, நடுவில் வரும் கிட்டார் தனிக்காகவே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பவர்கள் உண்டு. வாசித்தவர் லாரி கார்ல்டன். அவர் கையிலிருந்தது அறுபதுகளின் கடைசியில் கிப்சன் செய்த இ.எஸ்.-335. அவரை ‘மிஸ்டர் 335’ என்றே அழைக்கிற அளவுக்கு அந்த வாத்தியம் அவரோடு ஒட்டிப்போனது. ஆனால் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த வால் அதில் இல்லை. தொங்கு வாலைக் கழற்றிவிட்டுக் கட்டை வாலைப் பொருத்திக்கொண்டார்.

வால் என்பது டெயில்பீஸ். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால், அவை வந்து முடியும் உலோகத் துண்டு. வீணையில் நாகபாசம் செய்கிற வேலையை இது செய்கிறது. ஆறு தந்திகளைச் சுருதிக்கு ஏற்றினால் மொத்த இழுவிசை நாற்பது கிலோவைத் தாண்டும். ஒரு மூட்டை சிமெண்டில் முக்கால் பங்குக்கு மேல் அந்தத் துண்டு இரவும் பகலும் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

335 பிறந்தது 1958இல், டெட் மெக்கார்ட்டி கிப்சன் நிறுவனத்தை நடத்திய காலத்தில். முழுக்கக் கூடான கிட்டாருக்கு இனிமை உண்டு. ஆனால் ஆம்ப்ளிஃபயரைச் சற்றுக் கூட்டினால் ஊளையிடும். கட்டை மரக் கிட்டார் ஊளையிடாது. அந்தக் காற்றோட்டமும் அதில் இருக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள். இரு பக்கமும் கூடாக விட்டு, நடுவில் கழுத்திலிருந்து அடிவரை மேப்பிள் கட்டை ஒன்றை ஓடவிட்டார்கள். அந்தக் கட்டை இருப்பதால்தான் இரண்டு திருகாணிகளை நேரே உடலில் இறக்கி, அவற்றின்மேல் வாலை உட்கார வைக்க முடிந்தது. இதுதான் ‘ஸ்டாப் பார்’, நம் சௌகரியத்துக்குக் கட்டை வால். 1964 முடிந்து 1965 தொடங்கும் வாக்கில் கிப்சன் அதை விட்டுவிட்டு, கிட்டாரின் அடிப்பக்கத்தில் திருகித் தொங்கவிடும் ‘டிரபீஸ்’ வாலுக்கு, அதாவது தொங்கு வாலுக்கு மாறியது. பழைய கிட்டார் சேகரிப்பவர்கள் இந்த மாற்றத்தை இன்னும் மன்னிக்கவில்லை. எரிக் கிளாப்டனின் 1964ஆம் ஆண்டு 335 கட்டை வால் கொண்டது. 2004 ஏலத்தில் அது 8,47,500 டாலருக்குப் போனது. கிளாப்டனின் கைராசிக்குத்தான் அந்த விலை என்றாலும், கட்டை வால் 335க்குச் சந்தையில் தனி மவுசு இருப்பது உண்மை.

கட்டை வால் போட்டால் நாதம் நீளும் என்று அடித்துச் சொல்வார்கள். ஓரளவு சரியாக இருக்கலாம். ஆனால் தந்தி இறுகும் என்று சேர்த்துச் சொல்வதில்தான் பிசகு. தந்தியின் கனம், நீளம், சுருதி இந்த மூன்றும் மாறாதவரை இழுவிசையும் மாறாது. எந்த வால் வந்தாலும் அதே கணக்குதான். மாறுவது விரலுக்குத் தெரிகிற உணர்வு. தொங்கு வால் கிட்டாரில் பிரிட்ஜுக்குப் பின்னால் நாலு விரலைப் படுக்க வைக்கும் அளவுக்குத் தந்தி மிச்சம் இருக்கிறது. தந்தியை வளைத்து ஸ்வரத்தை ஏற்றும்போது அந்த மிச்சமும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அதனால் விரலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் அதே ஸ்வரத்தைத் தொட இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் வளைக்க வேண்டும். கட்டை வாலில் மிச்சம் குறைவு, தள்ளுகிற தூரமும் குறைவு. கார்ல்டனைப் போல வளைத்து வளைத்தே பாடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அந்த மிச்சத் தந்திக்கு இன்னொரு குறும்பும் உண்டு. பிரிட்ஜுக்குப் பின்னால் சுண்டிப் பார்த்தால் கொலுசு மாதிரிக் கிணுகிணுக்கும். சத்தமாக வாசித்துச் சட்டென்று நிறுத்தினால், நிறுத்திய பிறகும் அது தன்பாட்டுக்குப் பேசும். தந்திகளுக்கு மேலும் கீழுமாக ஒரு துண்டுக் கம்பளித் துணியைக் கோத்துவிட்டால் அடங்கிவிடும். இந்தச் சில்லறைச் சத்தத்துக்காகவே தொங்கு வாலை விடாதவர்களும் இருக்கிறார்கள்; அவர்கள் ரசனையும் தப்பில்லை.

மாற்றும் வேலைக்கு வந்தால், ஒரு கட்டை வாலை எடுத்து இன்னொரு கட்டை வால் போடுவது பத்து நிமிட வேலை. துத்தநாகக் கலவை வாலை எடுத்துவிட்டு அலுமினியம் போடுகிறவர்கள் அநேகம். ஐம்பதுகளின் வால்கள் அலுமினியம்தான். கவனிக்க வேண்டியவை இரண்டு. தந்திகளைத் தளர்த்தியதும் வாலைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது, அது கழன்று விழுந்து பளபளப்பான மரத்தில் தழும்பு போட்டுவிடும். முதலில் ஒரு துண்டை விரிப்பது நல்லது. அடுத்தது மரை. அமெரிக்கத் திருகாணியின் மரை அங்குலக் கணக்கு, ஆசியாவில் செய்தவற்றில் பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கு. ஒன்றை மற்றதில் திணித்தால் இரண்டு சுற்று போகும், பிறகு மரையைத் தின்றுவிடும்.

தொங்கு வாலைக் கட்டை வாலாக்குவதுதான் அறுவை சிகிச்சை. மரத்தில் இரண்டு துளை போட்டு, அவற்றில் உலோகக் குழல்களை அடித்து இறக்க வேண்டும். அதோடு முடியாது. தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் அடங்குவதற்கு, வாலிலிருந்து ஓர் எர்த் வயர் உள்ளே போகிறது. பழைய வாலோடு அதுவும் கழன்றுவிடும். புதிய வயரைக் குழலுக்கு அடியில் சிக்கவைத்து, மரத்துக்குள் சாய்வாகத் துளையிட்டுக் கூட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து வால்யூம் குமிழின் பின்புறத்தில் பற்றவைக்க வேண்டும். 335இன் முதுகில் மூடி கிடையாது. குமிழ்கள் எல்லாம் எஃப் வடிவத் துளை வழியாகத்தான் வெளியே வந்து போக வேண்டும். விவரம் தெரிந்த மெக்கானிக் ஒவ்வொரு குமிழின் தண்டிலும் நூல் கட்டிவிட்டுத்தான் உள்ளே தள்ளுவார். நூலைப் பிடித்து இழுத்தால் அது தன் இடத்துக்குத் தானே வந்து நிற்கும். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுக்கிற பொறுமை வேண்டும்.

இந்த வேலையைச் செய்யவே கூடாத கிட்டார்களும் உண்டு. இ.எஸ்.-330ம் எபிஃபோன் கசினோவும் பார்வைக்கு 335இன் கூடப்பிறந்தவை போலிருக்கும். உள்ளே நடுக்கட்டை இல்லை. மெல்லிய மேல்பலகையில் கட்டை வாலை மாட்டினால் பலகை பெயர்ந்து எழும்.

வாலிலேயே சுருதி சேர்க்கும் வசதியும் வந்தது. பி.பி.கிங் பெயரில் 1980இல் வந்த ‘லூசில்’ கிட்டாரில் டி.பி.-6 என்ற வால். தந்திக்கு ஒன்றாக ஆறு சிறு திருகுகள். வீணைக்காரர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. லங்கர் செய்யும் வேலைதான்.

அறுபதுகளின் கிட்டார் கைக்கு வந்து, அதில் தொங்கு வால் இருந்தால், துளை போடாமல் விட்டுவிடலாம். கம்பளித் துணியே போதும். கார்ல்டன் மாற்றியபோது அது பழம்பொருள் அல்ல, தொழில் செய்கிறவரின் கருவி. பின்னாளில் கிப்சன் அவர் பெயரில் வெளியிட்ட 335இல் தொழிற்சாலையிலேயே கட்டை வாலைப் பொருத்தித்தான் அனுப்பியது.