போஜ்ஜோ வரும் வரை

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் பிப்ரவரிக் கடைசியில் நல்ல வானிலையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. உழுது போட்ட வயல்கள், நனைந்த தார்ச்சாலை, கனத்த கோட்டும் கம்பளித் தொப்பியுமாகச் சாலையோரம் காத்து நிற்கும் கூட்டம். கெண்ட் நகரில் புறப்பட்டு நினோவ் என்ற சிற்றூரில் முடியும் ஓம்லோப் ஹெட் நியூஸ்பிளாட் 1945இல் தொடங்கிய பந்தயம். பனி காரணமாக ரத்தான ஆண்டுகளும் உண்டு, 2004 போல. தொழில்முறை சைக்கிள் பருவம் உண்மையில் ஜனவரியிலேயே ஆஸ்திரேலியக் கோடையில் தொடங்கிவிடுகிறது. பிறகு வளைகுடாப் பாலைவனச் சாலைகளுக்குப் போகிறது. அங்கே எடுக்கும் புள்ளிகள் கணக்கில் சேரும், மனதில் ஒட்டாது. ரசிகனுக்கு ஆண்டு பிறப்பது ஓம்லோப் நடக்கும் இந்தச் சனிக்கிழமைதான்.

ஜூலையில் நடக்கும் டூர் டி பிரான்ஸைவிட இதுபோன்ற ஒருநாள் பந்தயங்களை நான் ஒரு படி மேலே வைப்பேன். டூரில் மூன்று வாரம் ஓடுகிறது. பலசாலி யார் என்பது எப்படியும் வெளியே வந்துவிடும். இங்கே ஒரே ஒரு நாள். குளிர்காலம் முழுக்க யார் எப்படிப் பயிற்சி எடுத்தார் என்று எதிராளிக்குத் தெரியாது. தன் காலில் எவ்வளவு இருக்கிறது என்பதே சிலருக்குப் பாதி வழியில்தான் தெரிய வரும். அதனால் பலத்தைவிட இடம் முக்கியமாகிறது. எந்த வளைவில், எந்த நொடியில், கூட்டத்தில் எத்தனையாவது ஆளாக இருக்கிறார் என்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால், ஒன்றுமே நடக்காததுபோல் தெரியும் ஒரு மணி நேரத்துக்குள் பத்துச் சண்டைகள் கண்ணில் படும்.

முதலில் காற்று. லாரிக்குப் பின்னால் ஒட்டிச் சைக்கிள் மிதித்த எவருக்கும் இதன் அடிப்படையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் இருப்பவர் கணிசமான உழைப்பை மிச்சம் பிடிக்கிறார். காற்று நேர் எதிரே அடித்தால் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கலாம். பக்கவாட்டில் அடித்தால்தான் வேடிக்கை. இடப்புறக் காற்றென்றால் முதல் ஆள் சாலையின் இடது ஓரத்துக்குப் போவார். அடுத்தவர் அவருக்குச் சற்றுப் பின்னால், வலப்பக்கம் தள்ளி. அதற்கடுத்தவர் இன்னும் சற்றுத் தள்ளி. இப்படிக் குறுக்காக ஒரு வரிசை விரியும். சாலை எவ்வளவு அகலமோ அத்தனை பேருக்குத்தான் அதில் இடம். பதினைந்து பேர் கொள்ளும் சாலையில் பதினாறாவது ஆள் வலது ஓரத்துப் புல்லோடு புல்லாக, மறைவே இல்லாமல், மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருப்பார். அனுபவசாலியாக இருந்தால் முன்வரிசையை விட்டுவிட்டு உடனே பின்னால் இரண்டாவது வரிசை ஒன்றை ஆரம்பிப்பார். முரட்டுப் பிடிவாதக்காரராக இருந்தால் இரண்டு நிமிடத்தில் தனியாக நிற்பார். மேடே இல்லாத சமவெளியில் ஒரு பந்தயம் நாலு துண்டாக உடைவது இப்படித்தான். மார்ச் தொடக்கத்தில் நடக்கும் பாரிஸ்–நீஸ் பந்தயத்துக்குச் ‘சூரியனை நோக்கிய ஓட்டம்’ என்று செல்லப்பெயர். நீஸ் கடற்கரை வெயிலைக் காணும் முன்பே, முதல் இரண்டு நாள் சமவெளிக் காற்றில் பாதிப் பேரின் கனவு முடிந்திருக்கும்.

தந்திரத்தின் அழகுக்கு 2015 ஓம்லோப்பைச் சொல்வேன். கடைசியில் முன்னணியில் நான்கு பேர். பூனன், டெர்ப்ஸ்ட்ரா, வாண்டன்பெர்க் மூவரும் குவிக்-ஸ்டெப் அணி. நான்காவது ஆள் இங்கிலாந்தின் இயன் ஸ்டானர்ட், தனி ஆள். மூவருக்கு ஒருவர் என்றால் முடிவு எழுதப்பட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் மூவர் எதிரே இருக்கும்போது தனி ஆளுக்கு முன்னால் வந்து காற்று வாங்க வேண்டிய கடமை கிடையாது; அவர் பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம். உட்கார்ந்துகொண்டார். ஒருவர் மாற்றி ஒருவர் பாய்ந்தபோது துரத்திப் பிடித்தார். பிறகு தானே பாய்ந்தார். முடிவுக் கோட்டருகே ஒட்டிக்கொண்டிருந்த டெர்ப்ஸ்ட்ராவையும் ஸ்பிரின்ட் என்னும் கடைசி வேகப் பாய்ச்சலில் வென்றார். ஃபிளாண்டர்ஸின் செல்லப்பிள்ளையான டாம் பூனன் கடைசிவரை வெல்லாத ஊர்ப் பந்தயம் இந்த ஓம்லோப். அன்றைக்கு விட்டது பிறகும் கைக்கு வரவில்லை.

அடுத்த வாரம் இத்தாலியின் தஸ்கனிக்குப் போகிறோம். ஸ்ட்ராடே பியாங்கே 2007இல் பிறந்த குழந்தை. ஆனால் வெள்ளை மண் பாதைகளும், சியெனா நகரின் செங்குத்தான சாந்தா கதரினா தெருவும், பியாட்சா டெல் காம்போ சதுக்கமும் சேர்ந்து நூறு வயதுக் களையைக் கொடுத்துவிடுகின்றன. காய்ந்த ஆண்டில் புழுதி, மழை ஆண்டில் சேறு. 2018இல் சேற்றில் ஊறிய வாவுட் வான் ஆர்ட் அந்தக் கடைசி ஏற்றத்தில் தசை இழுத்து சைக்கிளோடு சாய்ந்து, எழுந்து, தள்ளிக்கொண்டே ஏறி, மூன்றாவதாக வந்தார். 2023 பெண்கள் பந்தயத்தில் டெமி ஃபோலரிங் முன்னே போனவரைத் துரத்திக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ வந்த ஒரு குதிரை அவருக்கு முன்னால் பாதையில் ஓடியது. சதுக்கத்தில் அவரும் அவருடைய அணித்தோழி லோட்டே கோபெக்கியும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் சக்கர நுனி வரை போட்டியிட்டார்கள். ஆண்கள் பக்கம் எனக்கு ஒரு மனக்குறை. 2024இல் தடேய் போகச்சார் 81 கிலோமீட்டர் மீதியிருக்கும்போதே தனியாகக் கிளம்பி வென்றார். மகத்தான சாதனை, மறுக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஒரே முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

மிலான்–சான் ரேமோ அந்த வித்தைக்கு எளிதில் மசியவில்லை. அதே போகச்சார் அங்கே 2024இலும் மூன்றாமிடம், 2025இலும் மூன்றாமிடம். ஏனென்றால் அந்தப் பாதை பலசாலியைத் தனித்துக் காட்ட மறுக்கிறது. 1907இல் தொடங்கிய, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளும், ஒரே நாளில் ஓடி முடிக்கிற பந்தயம். மிலான் என்று பெயர். அண்மைக்காலத்தில் பாவியா நகரிலிருந்து கிளம்புகிறார்கள். சமவெளி, துர்கினோ கணவாய், பிறகு கடலோரச் சாலை. நாலைந்து மணி நேரம் ஒன்றுமே நடக்காது. நடக்காதது நல்லது. அந்தத் தூரம் ஒவ்வொருவர் காலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இந்திய நேரத்துக்கு இரவுச் சாப்பாடு முடித்து வந்தால் போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

கூட்டமாக வந்து ஸ்பிரின்ட்டில் முடிவதைக் கலைப்பதற்கென்று 1960இல் சேர்த்த குன்று போஜ்ஜோ. அதே நோக்கத்தில், பாதையில் போஜ்ஜோவுக்கு முன்னால் வரும்படி, 1982இல் சேர்த்த குன்று சிப்ரெஸ்ஸா. போஜ்ஜோவின் நீளம் 3.7 கிலோமீட்டர், சராசரிச் சரிவு நான்கு சதவீதத்துக்கும் குறைவு. பூ வளர்க்கும் கண்ணாடிக் குடில்களுக்கு நடுவே நெளியும் இந்தச் சாலையில் நீங்களும் நானும் ஞாயிற்றுக்கிழமை காலை நிதானமாக ஏறிவிடலாம். 280 கிலோமீட்டருக்குப் பிறகு, ஆறு நிமிடத்துக்குள் ஏற வேண்டும் என்பதுதான் சிக்கல். அடிவாரத்தில் நாற்பதாவது ஆளாக நுழைந்தவருக்கு எத்தனை பலம் இருந்தும் பயனில்லை. முந்திப்போகச் சாலையில் இடம் கிடையாது. ஆகவே உண்மையான சண்டை ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, வீடுகளுக்கு நடுவே, முழங்கையும் முழங்கையும் உரச நடந்து முடிந்திருக்கும்.

உச்சியிலிருந்து கோட்டுக்கு சுமார் 5.5 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி இறக்கம். என் ரசனைக்கு இந்தப் பந்தயத்தின் உயிர் ஏற்றத்தில் இல்லை, இங்கேதான். 1992இல் மொரேனோ அர்ஜென்டின் போஜ்ஜோவில் தனியாகப் பிரிந்து போனார். எல்லோரும் அவர் வென்றதாகவே முடிவு கட்டினார்கள். பின்னாலிருந்து முப்பத்தைந்து வயது ஷான் கெல்லி இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் மற்றவர்கள் பிரேக் பிடித்த இடத்தில் அவர் பிடிக்கவில்லை. கடைசி கிலோமீட்டரில் அர்ஜென்டினைத் தொட்டார். அர்ஜென்டின் திரும்பித் திரும்பிப் பார்த்தும் கெல்லி முன்னால் வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு தாண்டிப் போய்விட்டார். முப்பது வருடம் கழித்து 2022இல் மாத்தே மொஹோரிச், மலைச் சைக்கிள்களில் இருப்பது போன்ற, ஓடும்போதே சீட்டைத் தாழ்த்தும் கம்பியைப் பொருத்திக்கொண்டு வந்தார். உடல் தாழ்ந்தால் வளைவில் துணிச்சல் கூடும். ஓரிடத்தில் சாலையோரத்தில் விழப் போய் மீண்டு, அதே வேகத்தில் முதலாவதாகக் கோட்டைக் கடந்தார். இறங்கத் தெரிவதைத் தனித் திறமையாக மதிக்கும் இன்னொரு பெரிய பந்தயத்தைச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

இதே சான் ரேமோவில் 2018இல் வின்சென்ஸோ நிபாலி வென்று கையை உயர்த்தியபோது துரத்திய கூட்டம் அவர் முதுகுக்குப் பின்னால் சில மீட்டரில் இருந்தது. அதற்கும் குறைந்த இடைவெளி 2004இல். ஏற்கெனவே நான்கு முறை வென்றிருந்த எரிக் சாபல், ஐந்தாவதும் கிடைத்துவிட்டது என்று கோட்டுக்கு முன்பே கைகளை விரித்தார். பக்கத்தில் ஒஸ்கார் ஃப்ரெய்ரே சைக்கிளை முன்னால் தள்ளி நுழைந்துவிட்டார். ஃப்ரெய்ரே பிறகு 2007இலும் 2010இலும் மறுபடி வென்றார். சாபலின் எண்ணிக்கை நான்கோடு நின்றது.