கரிஃபுனா இசை: முழவும் மொழியும்

1797-இல் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து பிரிட்டிஷார் நாடுகடத்திய கரிஃபுனா மக்கள் ஹோண்டுராஸின் ரோவாத்தான் தீவில் இறக்கிவிடப்பட்டனர். கப்பலேறுமுன் அடைத்துவைக்கப்பட்ட சிறுதீவிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டுபோயினர். எஞ்சியோரின் வழிவந்தவர்கள் இன்று ஹோண்டுராஸ், பெலிஸ், குவாத்தமாலா, நிகரகுவா கடலோரங்களில் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்கரும் தீவின் பூர்வகுடிகளும் கலந்து உருவான இந்த இனத்தின் மொழி, அரவாக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளியார் காதில் முதலில் விழுவது இவர்களின் முழவோசை. ஆனால் இந்த இசையைத் தாங்கி நிற்பது அந்த மொழிதான்.

முழவுகள் கடினமரத்தைக் குடைந்து, தோல் போர்த்திச் செய்யப்படுபவை. தோலின் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பி, கை பட்டதும் அதிர்ந்து சரசரக்கும். பெரிய முழவான 'செகுந்தா' தாளத்தைப் பிசகாமல் பிடித்துக்கொள்ள, சிறிய 'பிரிமேரா' அதன்மேல் இஷ்டம்போல் விளையாடும். கிறிஸ்துமஸ் காலத்து 'வனராகுவா' முகமூடி ஆட்டத்தில், முழவுக்கேற்ப ஆடும் முறை தலைகீழ். முழங்காலில் சிப்பிச் சலங்கை கட்டிய ஆட்டக்காரர் அடியெடுத்து வைக்க, பிரிமேராக்காரர் அவர் காலையே பார்த்து அடிப்பார்.

'புந்தா' துக்க வீட்டின் இரவு விழிப்போடு ஒட்டிய ஆட்டம். துள்ளலான தாளத்தில் பிரிவும் நோயும் வறுமையும் பாடப்படும். 'பராந்தா' கிதாரோடு ஆண்கள் பாடுவது. பெலிஸின் பால் நாபோர் இதில் பேர்போனவர். முழவே இல்லாமல் பெண்கள் கைகோத்து நின்று பாடுவது 'அபைமஹானி'. முன்னோரை அழைக்கும் 'தூகூ' சடங்கில் மூன்று முழவுகள் ஒலிக்கும். பாட்டுக் கட்டுவோரில் பெண்கள் ஏராளம். குடும்பத்துப் பூசலும் ஊர் வம்பும் அவர்கள் வாயில் பாட்டாகிவிடும்.

1970-களின் இறுதியில் பெலிஸின் டாங்ரிகாவில் பென் கயத்தானோ மின்கிதாரையும் ஆமையோட்டுத் தாளத்தையும் சேர்த்துப் 'புந்தா ராக்' கண்டார். 1991-இல் 'பந்தா பிளாங்கா' குழுவின் 'சோப்பா தே கராக்கோல்' பாட்டு லத்தீன் அமெரிக்கா முழுவதையும் ஆட வைத்தது. அதன் கரிஃபுனாச் சொற்களுக்குப் பொருள் தெரியாமலே பலரும் ஆடினார்கள்.

இசைக்கும் மொழிக்குமான இந்த இடைவெளியை முன்பே உணர்ந்தவர் பெலிஸ் பாடகர் ஆண்டி பலாசியோ. 1980-இல் எழுத்தறிவு இயக்கத்துக்காக நிகரகுவா சென்றபோது, அங்கே கரிஃபுனா பேசுவோர் முதியவர்கள் மட்டுமே என்பதைக் கண்டார். தம் பெலிஸுக்கும் அதே கதி வரும் என்ற அச்சமே அவரைத் தாய்மொழிப் பாட்டில் நிலைநிறுத்தியது. ஐவன் டுரான் தயாரிப்பில் 2007-இல் வந்த அவரது 'வாத்தினா' இசைத்தொகுப்பு உலகெங்கும் பாராட்டுப் பெற்றது; மறு ஜனவரியில் பலாசியோ காலமானார். பெண் பாடகியரின் குரல்களைத் தொகுத்த 'உமலாலி' 2008-இல் வெளிவந்தது. இந்த மரபின் முதன்மைக் குரலாக விளங்கிய ஹோண்டுராஸின் அவுரேலியோ மார்த்தினெஸ், 2025 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தார்.

2001-இல் கரிஃபுனா மரபை மானுட குலத்தின் அரும்பொருளாக அறிவித்தபோது, யுனெஸ்கோ மொழி, ஆட்டம், இசை மூன்றையும் ஒன்றாகவே சேர்த்தது. அதுவே சரியான பார்வை. முழவடியை யாரும் பழகிக்கொள்ளலாம். புதுப் பாட்டுக் கட்ட மொழி வேண்டும். கரிஃபுனா இசையின் நாளை, பிள்ளைகள் வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.