சீழ்க்கையில் சிக்கியவன்

இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங்கின் முதல் பேசும்படம் ‘எம்’ (1931). பின்னணி இசை கிடையாது. கொலைகாரன் அடிக்கும் சீழ்க்கைதான் இசை. இசையமைப்பாளர் கிரீக்கின் மெட்டு அது. நடித்த பீட்டர் லோரிக்குச் சீழ்க்கை வராதாம், அடித்தவர் லாங்கே.

பெர்லினில் குழந்தைகள் கொலையாகிறார்கள். போலீஸ் இரவெல்லாம் சோதனை போட, திருடர்களுக்குப் பிழைப்பு படுத்துவிடுகிறது. ‘நாமே பிடிப்போம்’ என்று கிளம்புகிறார்கள். தர்மாவேசம் கொஞ்சம்தான், தொழில் கெடுகிறதே என்ற கடுப்புதான் அதிகம். போலீஸ் கூட்டத்தையும் திருடர் கூட்டத்தையும் லாங் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். திருடர் தலைவன் தொடங்கும் கையசைவை போலீஸ் அதிகாரி முடித்துவைக்கிறார். இரண்டு அறையிலும் ஒரே புகைமண்டலம். என்ன குறும்பு!

சீழ்க்கையை வைத்து ஆளை அடையாளம் காண்பவர் கண்பார்வையற்ற பலூன்காரர். உடனே ஒரு இளைஞன் உள்ளங்கையில் சாக்பீஸால் ‘எம்’ எழுதிக்கொண்டு, பழத்தோலில் வழுக்கியவன்போல் கொலைகாரன் தோளில் அப்பிவிடுகிறான்.

திருடர்களிடம் அவன் சிக்கியதும், பாழடைந்த சாராய ஆலையில் அவர்களே நடத்தும் விசாரணை. லோரி முழி பிதுங்கக் கதறும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே படத்தைப் பார்க்கலாம். தலைமை தாங்குபவனே கொலை வழக்குகளில் தேடப்படுபவன். அதை அவன் முகத்துக்கு நேரே சொல்பவர், குற்றவாளிக்காக அவர்களே அமர்த்திய வக்கீல்.