தில்லானாவிலிருந்து கரகத்திற்கு: ஓர் இசைப்படத்தின் வழித்தோன்றல்

ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் 1968ஆம் ஆண்டு வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’, தமிழ் இசைப்படங்களுள் தனியிடம் பெற்றது. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையே அதன் மூலம். பிற்காலத் திரைப்படங்களில் அதன் செல்வாக்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒற்றுமைகளைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றனர். மூலப்படம் ஓரத்தில் நிறுத்திய ஒன்றைப் பின்வந்த படம் நடுவிடத்திற்குக் கொணர்வதும் செல்வாக்கின் ஒரு வகையே என நாம் கருதுகிறோம். 1989ஆம் ஆண்டு கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ இதற்குத் தக்க சான்றாகும்.

முதலில் மூலப்படத்தை நோக்குவோம். சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதசுரத்திற்கும் திருவாரூர் மோகனாம்பாளின் பரதத்திற்கும் இடையிலான போட்டியே அதன் கதை. போட்டி நடனம் தமிழ்த் திரைக்குப் புதியதன்று; ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய நடனத்தை அறியாதார் இலர். ஆயின் அங்கு மோதியவை இரு நடனங்கள். இங்கு மோதுபவை வாத்தியமும் பாதமும். கே.வி. மகாதேவனின் இசையில், மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு சிவாஜி கணேசனின் நடிப்போடு பிரிக்கவியலாதவாறு இணைந்தது. கோயில் வாசலிலும் திருமண வீட்டிலும் கேட்கப்படாமலே ஒலித்துக்கொண்டிருந்த வாத்தியத்தை அமர்ந்து கேட்க வேண்டிய கலையாக இப்படம் பொதுமக்கள் முன் வைத்தது. வாணவேடிக்கையின் இரைச்சலுக்காக வாசிப்பை நிறுத்தும் கலைஞனின் சினம் அக்கோரிக்கையின் வெளிப்பாடே.

இவ்வுயர்வுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நாட்டுப்புற ஆட்டக் கலைஞராகிய ஜில் ஜில் ரமாமணியைப் படம் பரிவோடுதான் காட்டுகிறது. மனோரமாவின் நடிப்பு அப்பாத்திரத்தை மறக்கவொண்ணாததாக்கியது. எனினும் அவளுடைய கலை நகைச்சுவைக்கும் இளைப்பாறலுக்கும் உரியதாகவே அமைகிறது. அவள் அன்பு கதையின் முடிவை மாற்றும் வலுவற்றது. நாயனத்தைப் பற்றி அவள் வெள்ளந்தியாக எழுப்பும் வினா, கதையிலிருந்து பிரிந்து, மேடைகளில் தனி நகைச்சுவைத் துணுக்காக வழங்கலாயிற்று. வினவியவளும் ஒரு கலைஞர் என்பது அத்துணுக்கில் மறைந்துவிட்டது.

‘கரகாட்டக்காரன்’ ரமாமணியின் தரப்பிலிருந்து தொடங்கும் படம் எனலாம். இரு கலைஞர்கள், போட்டி, போட்டியினூடே அரும்பும் காதல், குறுக்கே நிற்கும் உறவும் செல்வாக்குடையோரும் என்ற கதைக்கட்டு முந்தைய படத்தை நினைவூட்டுகிறது. ஆனால் கலை மாறிவிட்டது. ராமராஜனும் கனகாவும் தலையில் ஏந்துவது கரகம். இளையராஜாவின் இசையில் கிராமத்து மேளம் பின்னணிக்குரிய வண்ணமாக நில்லாது படத்தின் மொழியாகவே ஆகிறது. தில்லானாவில் தீர்ப்பளிப்பது கலைநுணுக்கம். இங்கு இறுதித் தீர்ப்பு தீமிதியில், மாரியம்மன் முன்னிலையில் கிடைக்கிறது. அக்காட்சிப் பாடலைக் கே.எஸ். சித்ராவுடன் பாடியவர் நம் நாட்டில் பிறந்த மலேசியா வாசுதேவன் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

ஆயினும் இம்மாற்றத்தை முழு வெற்றியாகக் கொள்வதற்கில்லை. கரகம் நடுவிடம் பெற்றபோது, மேளக்காரர்கள் நகைச்சுவைக்கு உரியோர் ஆயினர். தவில் முத்துராக்காக டி.எஸ். பாலையா தாங்கிய மிடுக்கு, கவுண்டமணி செந்தில் இணையின் வாழைப்பழச் சச்சரவாக உருமாறியது. அக்காட்சியை ஒப்பிக்கவல்ல தலைமுறையினர், அவ்விருவரும் எவ்வாத்தியங்களுக்கு உரியவர்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தலைப்பையும் நோக்குக. 1968இல் படம் ஆடுமகளின் பெயரைத் தாங்கியது. பெண்கள் பெரும்பங்கு ஆற்றிய கரகாட்டத்தைப் பற்றிய 1989ஆம் ஆண்டுப் படமோ ஆண்பாற் பெயரைச் சூடிக்கொண்டது. ஒரு கலையை உயர்த்த அருகிலுள்ள மற்றொன்றைச் சிரிப்புக்கு இடமாக்கும் வழக்கத்தையும் பின்வந்த படம் மூலப்படத்திடமிருந்தே பெற்றது என்பது நம் துணிபு.

பினாங்குத் தமிழர்க்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. தைப்பூசத்தின்போது வெள்ளிரதம் நாதசுர ஒலியோடு தண்ணீர்மலை நோக்கிச் செல்கிறது. காவடிகள் உறுமி மேளத்தோடு செல்கின்றன. ஒரே வீதியில், ஒரே விழாவில், இருவகை இசையும் ஒலிக்கின்றன. எனினும் ஒன்றை ‘உயர்ந்தது’ என்றும் மற்றொன்றை ‘இரைச்சல்’ என்றும் பிரித்துப் பேசும் பழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு பிரிக்கும் செவி கோயிலில் மட்டும் உருவானதன்று, திரையரங்கிலும் உருவானது. நாதசுரத்தையும் கரகத்தையும் கலைஞர் வாயிலாக அன்றித் திரை வாயிலாகவே முதலில் அறியும் மாணவர்கள் நம் வகுப்புகளில் பலர்.

ஆதலின் இவ்விரு படங்களையும் தனித்தனியே பாராட்டிக் கற்பிப்பதினும் அருகருகே வைத்துக் கற்பிப்பது பயனுடைத்து. எக்கலைஞருக்கு நடுமேடை கிடைத்தது, எக்கலைஞர் சிரிப்புக்கு ஆளாயினர் என்னும் இரு வினாக்களையும் மாணவர் சேர்த்தே எழுப்புவாராயின், தண்ணீர்மலை வீதியில் உறுமி அடிக்கும் இளைஞனையும் நாதசுரக் கலைஞரையும் ஒரே மரபின் கலைஞர்களாகக் காணும் பார்வை வாய்க்கும்.